பி.எம். கிசான் ஆய்வில் தவறாக முடக்கிய வங்கிக் கணக்குகளை விடுவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்: கீழ்மடைப் பாசன விவசாயிகள்

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பார்வை: செப்டம்பர், அக்டோபர் 2020-இல் குறைதீர் நாள் பெட்டியில் போட்ட எங்கள் இரண்டு மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குடிமராமத்துப் பணியைப் பார்வையிடத் தாங்கள் ஏரிக்கரைக்கு வந்திருக்கிறீர்கள். மடைக்குக் கீழே உள்ளதெல்லாம் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் துண்டு என்பதைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

விவசாயக் குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகையான பி.எம். கிசானில், ஊரடங்கின்போது ஏப்ரல் 2020-இல் ரூ.2,000 தவணை முன்கூட்டியே வந்தது. ஆகஸ்டில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் கணினி மையங்கள் வழியாகத் தகுதியில்லாதவர்களைச் சேர்த்த முறைகேடு வெளிவந்ததும் எல்லா ஊரிலும் பட்டியலை ஆய்வு செய்தார்கள். நிலமில்லாமல் வாங்கியவர்களிடம் பணத்தைத் திரும்பப் பிடிப்பது நியாயமே. பட்டா உள்ளவர்களையும் 'தகுதியற்றவர்' என்று குறித்து, வங்கிக் கணக்கையும் முடக்கியதுதான் எங்கள் குறை.

1. சிட்டாவில் 'இன்னார் மகன் இன்னார்' என்று இருக்கும். ஆதாரில் முன்னெழுத்தும் பெயரும் மட்டும். வயலுக்கு வராமல் பெயரை மட்டும் ஒப்பிட்டதால் பொருந்தவில்லை.

2. சிலருக்குப் பட்டா அண்மையில்தான் இறந்த தகப்பனார் பெயரிலிருந்து மாறியது. கெடு தேதியான 1.2.2019-க்குப் பிறகு மாறினாலும் வாரிசு முறையில் வந்த நிலத்துக்குத் தகுதி உண்டு என்பது திட்ட விதி. கூட்டுப் பட்டாவில் உள்ள அண்ணன் தம்பிகள், மணமாகித் தனிக் குடும்பமானால், தனித்தனியே தகுதியானவர்கள். பட்டியல் தயாரித்தவர்கள் இதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

3. தவணை நின்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வோம். கணக்கையே முடக்கியதைத்தான் தாங்க முடியவில்லை. பணம் உள்ளே வருகிறது, எடுக்க முடியவில்லை. நூறு நாள் வேலைக் கூலி (2020-21-இல் நாளுக்கு 256 ரூபாய் என்பது அரசு நிர்ணயம்), முதியோர் உதவித்தொகை, பால் பணம் எல்லாம் அதே கணக்கில்தான். செல்போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது, கவுண்டரில் கேட்டால் "வேளாண்மைத் துறையிடம் கடிதம் வாங்கி வாருங்கள்" என்கிறார்கள். துறையில் கேட்டால் "வங்கிதான் முடக்கியது, அங்கே கேளுங்கள்." வேறு கணக்கு தொடங்கச் சொல்கிறார்கள். தொடங்கி ஆதாரை அதில் இணைத்தால் இனி வரும் பணம் அங்கே போகலாம், பழைய கணக்கில் தேங்கியது தேங்கியதுதான். வேலை அட்டையிலும் பால் சங்கத்திலும் கணக்கு எண்ணை மாற்ற இன்னொரு நடை. அதுவரை சம்பாவுக்கு மேலுரம் காத்திருக்குமா ஐயா? அந்த 2,000 ரூபாய்க்கு, 2020 விலையில், ஒரு மூட்டை டி.ஏ.பி. உரம் 1,200, யூரியா மூன்று மூட்டை 266.50 வீதம் 799.50, மீதி 50 காசு. அந்த 50 காசை வேண்டுமானால் அரசே வைத்துக்கொள்ளட்டும்!

4. கணினி மையத்தார் திருடினால் விவசாயியின் கூலியைப் பூட்டுவதா? இரண்டு மனுவுக்கும் ஒரு ரசீதுகூட இல்லை. பெட்டியைத் திறக்கிறார்களா என்றே சந்தேகம்.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருளவும். நாங்கள் கேட்பது இதுதான்.

கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் ஒரே நாளில் சாவடிக்கு வந்து, அசல் சிட்டா, ஆதாருடன் புல எண் வாரியாகப் பார்க்க உத்தரவிட வேண்டும். ஒரு காலையில் முடியும் வேலை.

தகுதி உறுதியானவர்களின் பட்டியலை வேளாண்மை இணை இயக்குநர் வழியாக, மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்கு அனுப்பி முடக்கத்தை நீக்க வேண்டும்.

அதுவரை, திரும்பப் பிடிக்க வேண்டிய தொகை எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் கணக்கில் பிடித்தம் வைத்துவிட்டு மீதியை எடுக்க விடச் சொல்லுங்கள். 2,000 என்றால் 2,000 மட்டும். வங்கியில் இதற்கு வழியிருக்கிறது, 'லீன்' என்பார்கள். இதை மட்டுமாவது இந்த வாரமே செய்யுங்கள் ஐயா. கூலியை எடுக்க விடுங்கள்.

இப்படிக்கு,
கீழ்மடைப் பாசன விவசாயிகள்

இணைப்பு: சிட்டா நகல், ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம் (மூன்றாம் முறையாக)