பாப்பாவுக்கு: ஃபார்மட் அடிக்க அவசரப்படாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நீ இருந்த பதற்றத்தில் நான் சொன்னதில் பாதிகூட உன் காதில் ஏறியிருக்காது. அதனால் எழுதியே அனுப்புகிறேன். இதைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, லேப்டாப்பை எதிரே வைத்து, நிதானமாகப் படி.

யார் என்ன சொன்னாலும் இன்றைக்கு ஃபார்மட் அடிக்க விடாதே. விண்டோஸைப் புதிதாகப் போட்டால் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று உன் சீனியர் சொன்னாராம். ஆகும்தான். கூடவே நீ எழுதி வைத்திருக்கும் ஆய்வேடும் போய்விடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் அது. லேப்டாப்பைச் சரிசெய்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஃபைல்களை வெளியே எடுப்போம்.

"லேப்டாப் ஆன் ஆகலப்பா" என்றாய். துருவிக் கேட்ட பிறகுதான், ஆன் ஆகிறது, லோகோ வருகிறது, கீழே புள்ளிகள் சுற்றுகின்றன, அப்புறம் கறுப்பாகி மறுபடி லோகோவுக்கே வந்து நிற்கிறது என்று தெரிந்தது. பட்டனை அழுத்தியும் ஒரு லைட்கூட எரியவில்லை என்றால் சார்ஜர், பேட்டரி, மதர்போர்டு என்று தேட வேண்டும். லைட் எரிந்து, ஃபேன் ஓடி, ஸ்க்ரீன் மட்டும் இருட்டாக இருந்தால் ரேமையோ டிஸ்ப்ளேவையோ சந்தேகப்படுவோம். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்க்கும்போது மங்கலாக எழுத்து தெரிந்தால் பேக்லைட் போயிருக்கிறது என்று அர்த்தம். உன் லேப்டாப் இதையெல்லாம் தாண்டிவிட்டது. லோகோ வந்தாலே ப்ராசஸரும் ரேமும் ஸ்க்ரீனும் ஆரம்பச் சோதனையில் தேறிவிட்டன. புள்ளிகள் சுற்றினால், எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டியிலிருந்து விண்டோஸ் ஏறத் தொடங்கியிருக்கிறது. தடுக்கி விழுவது அதற்கு அப்புறம்தான். முந்தின ராத்திரி அப்டேட் போட்டு ஆஃப் செய்துவிட்டுப் படுத்ததாகவும் சொன்னாய். அதனால் எனக்கு அந்த அப்டேட் மேல்தான் முதல் சந்தேகம். எஸ்எஸ்டி மேல் கொஞ்சம்.

முதலில் சின்ன வேலைகளை முடித்துவிடு. பென் டிரைவ், மவுஸ் ரிசீவர், மெமரி கார்டு, வெளி மானிட்டர் என்று செருகியிருப்பதையெல்லாம் கழற்று. பென் டிரைவிலிருந்து பூட் ஆகப் பார்த்து, விண்டோஸே இல்லை என்று முரண்டு பிடிக்கும் லேப்டாப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சார்ஜரையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை முப்பது விநாடி விடாமல் அழுத்திப் பிடி. உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். அப்புறம் லேப்டாப்போடு வந்த சார்ஜரையே செருகு. வாய் ஒரே மாதிரி இருக்கிறதே என்று போன் சார்ஜரைப் போடாதே. 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 20 வாட் எந்த மூலைக்கு? அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலெழும்பி நின்றாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அப்படியானால் இத்தோடு நிறுத்திவிடு. சார்ஜும் போடாதே, அழுத்தியும் பார்க்காதே.

இதற்கும் மசியவில்லை என்றால், ஆன் செய்து புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடு. இப்படி இரண்டு மூன்று முறை செய். அடுத்த முறை, தொடர்ந்து தோற்றிருக்கிறோம் என்று விண்டோஸே புரிந்துகொண்டு பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே முதலில் 'ட்ரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' என்று ஒன்று கண்ணில் படும். அதில் உடனே கை வைக்காதே. நமக்கு இப்போது வேண்டியது, கட்டளைகளை அடிக்கும் கறுப்பு ஜன்னலான 'கமாண்ட் ப்ராம்ட்'.

அதைத் தொட்டதும் 48 இலக்க பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்கலாம். பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி, இந்தக் கீதான் அதற்குச் சாவி. பயப்படாதே. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11-ஐத் தொடங்கியிருந்தால் பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், கீயும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அதே கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் உன் லேப்டாப்பைத் தேடு. ஒன்றுக்கு மேல் கீ இருந்தால், ஸ்க்ரீனில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒத்துப்பார். கல்லூரிக் கணக்கில் சேர்த்திருந்தால் அங்கே கணினிப் பிரிவில் இருப்பவர்களிடம் கேள், அவர்களால் எடுத்துத் தர முடியும். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் ஒன்று சொதப்பி, உலகம் முழுக்க ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீல ஸ்க்ரீனில் விழுந்தன. விமான நிலையங்கள், மருத்துவமனைகள் எதுவும் தப்பவில்லை. மருந்து என்னவோ எளிதுதான்: அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். பிட்லாக்கர் கீயைத் தேடி எடுக்கத்தான் பல இடங்களில் அல்லாடினார்கள். அதனால் அந்தக் கீயை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வை.

சரி, இப்போது கறுப்பு ஜன்னல் திறந்திருக்கும். காலியான பென் டிரைவ் ஒன்றைச் செருகு. 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டு. ஆமாம், நாம் குறிப்பு எழுதுகிற அதே நோட்பேட்தான். அதில் ஃபைல் மெனுவுக்குப் போய் 'ஓப்பன்' கொடு. கீழே 'டெக்ஸ்ட் டாக்குமென்ட்ஸ்' என்று இருப்பதை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்று, இல்லாவிட்டால் உன் வேர்டு ஃபைல் எதுவுமே கண்ணில் படாது. அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே உன் முழு டிஸ்க்கும் திறக்கும். சி டிரைவ் இங்கே டி என்றோ வேறு எழுத்திலோ வரலாம். யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உன் பெயர் எதில் இருக்கிறதோ அதுதான் உன்னுடையது. உன் பெயருக்குள் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எல்லாம் இருக்கும். ஆய்வேட்டு ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து காப்பி கொடு, பென் டிரைவுக்குப் போய் பேஸ்ட் கொடு. எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு எதுவும் வராது. ஜன்னல் உறைந்துபோன மாதிரி நிற்கும். காப்பி ஆகிக்கொண்டுதான் இருக்கும், கை வைக்காதே. மறுபடி அசைந்ததும் பென் டிரைவுக்குள் போய் ஃபைல்கள் வந்திருக்கின்றனவா என்று பார். அதை வேறு ஒருவர் கணினியில் போட்டு, கடைசி அத்தியாயம் திறக்கிறதா என்றும் பார்த்துவிடு. ஒன்றிரண்டு ஃபோட்டோ விட்டுப்போனால் போகட்டும்.

டிஸ்க்கே அங்கே காணவில்லை என்றாலோ, ஒரு ஃபோல்டரைத் திறக்கவே பல நிமிஷம் ஆனாலோ அப்டேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. எஸ்எஸ்டி போய்க்கொண்டிருக்கிறது. மேற்கொண்டு எந்த ரிப்பேரையும் ஓட்டாமல் அணைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.

ஃபைல்கள் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் தைரியமாக விளையாடலாம். அதே 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' திரையில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கும். உள்ளே இரண்டு வகை. 'குவாலிட்டி' என்பது மாதாமாதம் வருவது, முதலில் அதை எடு. சரியாகவில்லை என்றால் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' ஓட்டிப் பார். என்னால் முடியவில்லை என்று அது கைவிரித்தாலும் கவலைப்படாதே, அது அடிக்கடி கைவிரிக்கிற ஆசாமிதான். அடுத்து 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்'. ரீஸ்டார்ட் ஆகி ஒரு பட்டியல் வரும், அதில் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். அதில் ஒழுங்காகத் திறந்தால், சமீபத்தில் போட்ட டிரைவரோ (கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருள்) ஆன்டிவைரஸோதான் வம்பு பண்ணுகிறது. அதை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் கொடு. ஷட்டவுன் கொடுக்காதே. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கிற விண்டோஸில் ஷட்டவுன் என்பது அரைத் தூக்கம். உள் நிலவரத்தை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துப் போட்டுக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும்.

எதுவுமே உதவாத பட்சத்தில்தான் 'ரீசெட் திஸ் பிசி'. அதிலும் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதை மட்டும் தேர்ந்தெடு. நீ போட்ட மென்பொருள்கள் போய்விடும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பக்கத்திலேயே இருக்கும் 'ரிமூவ் எவ்ரிதிங்' பக்கம் போகாதே.

சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டி வந்தால், டேட்டா வேண்டும், என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது என்று ரசீதிலேயே எழுதச் சொல். வாயால் சொன்னால் கவுண்டரில் வாங்குகிறவருக்கு மட்டும்தான் தெரியும், உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்குப் போய்ச் சேராது. இத்தனை வருஷம் அந்த உள் மேஜையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். மெமரியையோ பேட்டரியையோ மாற்ற வேண்டும் என்றால் சரி என்று சொல்வதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேள்.

நீலத்திலோ கறுப்பிலோ பிழைத் திரை வந்து மாட்டிக்கொண்டால், என்ன எழுதியிருக்கிறது என்று வாயால் விவரிக்காதே, போட்டோ எடுத்து அனுப்பு. அடியில் இருக்கும் ஸ்டாப் கோடும் (எந்தப் பிழை என்று சொல்லும் குறியீடு) படத்தில் விழ வேண்டும். பிட்லாக்கர் கீயை மட்டும் யாருக்கும் அனுப்பாதே, எனக்கும்தான்.

அம்மாவிடம் லேப்டாப் ஸ்லோவாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

அன்புடன்,
அப்பா