212 அழைப்புகள்

ஈரோடு,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் மகள் கல்யாணத்துக்கு வராதவன் இப்போது கடிதம் எழுதுகிறான் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா? திட்டையெல்லாம் நேரில் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். தங்கச்சியின் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு ஜவுளி மொத்த வியாபாரிக்குப் அலுவலக போன்களை இணைக்கும் பழைய ஈபிஏபிஎக்ஸ் பெட்டியைக் கழற்றிவிட்டு, அதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்யும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். முதலாளி கேட்டது ஒன்றே ஒன்று. "யாரும் எடுக்காமல் விட்ட போன் கால் எத்தனை என்று தினமும் எனக்கு வந்துவிட வேண்டும்." அதற்கென்ன என்று, அழைப்புகள் பதிவாகும் சிடிஆர் பட்டியலில் 'நோ ஆன்சர்' வரிகளை எண்ணி இரவு எட்டு மணிக்கு அவருக்கு மெயில் போகும்படி அரை மணி நேரத்தில் எழுதி வைத்தேன். அந்த அரை மணி நேரம்தான் இப்போது என் தூக்கத்தைத் தின்கிறது.

போன வாரம் பராமரிப்புக்குப் போனபோது ரிசப்ஷனில் இருக்கும் பெண் ஒரு காகிதத்தை நீட்டினார். ஒரே நாளில் 212 அழைப்பைத் தவறவிட்டதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அந்த மாத ஊக்கத்தொகையும் நிறுத்தியாயிற்று. "அடித்த போனையெல்லாம் எடுத்தோம், சார். இதற்கு மேல் எத்தனை கையால் எடுப்பது?" என்றார்.

பட்டியலைத் திறந்தேன். காலை 10.42.17க்கு ஐந்து வரிகள். 201ஆம் எண் போனில் எடுத்திருக்கிறார்கள், 202 முதல் 205 வரை 'நோ ஆன்சர்'. உனக்குப் புரிந்திருக்கும். ஐந்து போனும் சேர்ந்து அடிக்கும்படி வைத்தவன் நான். ஒருவர் எடுத்ததும் மற்ற நான்கும் ஓய்கின்றன. அந்த நான்கும் தனித்தனி வரியாக விழுகின்றன. வந்த 53 அழைப்பையும் அவர்கள் எடுத்துவிட்டார்கள். 53ஐ நான்கால் பெருக்கிப் பார். ஆஸ்டெரிஸ்க்கின் மேல் பழி போட வழியில்லை. ஒரே அழைப்பின் வரிகளுக்கெல்லாம் 'லிங்க்டுஐடி' என்ற அடையாளக் குறி ஒன்றாகவே இருக்கிறது. நான்தான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நம் காலத்தில் ஈபிஏபிஎக்ஸின் சீரியல் கேபிளில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைச் சொருகிவிட்டால், அழைப்புக் கணக்கை அடித்தபடி ராத்திரி முழுக்கக் கிறீச்சிட்டுக்கொண்டு காகிதம் தரையில் மடிந்துகொண்டே போகும். அதுவும் பொய் சொன்னது. எதிர்முனையில் எடுத்துவிட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் காட்டும் போலாரிட்டி ரிவர்சல் சைகை வராத லைனில், எண்ணைச் சுற்றிய சில வினாடிகளில் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். மணி அடித்தே ஓய்ந்த காலுக்கும் காசு விழும். அப்படி ஸ்டோர் அண்ணனுக்கு விழுந்த கோபி கால் நாலு ரூபாயை மறந்திருக்க மாட்டாய். ஆனால் அப்போது அவர் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நேரே நம்மிடம் சண்டைக்கு வந்தார். இந்தப் பெண்ணுக்கு யாரிடம் போவது என்றே தெரியவில்லை. மெயில் நேராக முதலாளிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

'லிங்க்டுஐடி' வாரியாகத் தொகுத்து மறுபடி எண்ணினேன். அன்று உண்மையில் வந்தது 60 அழைப்பு. தவறியவை ஏழு. ஒன்றுகூட ரிசப்ஷனுக்கு வந்து சேரவேயில்லை. ஏழு பேரும், போன் செய்தவுடன் ஒலிக்கும் பதிவு செய்த வரவேற்புக் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பொறுமை இழந்து வைத்துவிட்டவர்கள். அந்தக் குரலை ஒலிக்க விடுவதற்காக அழைப்பை இயந்திரமே எடுத்துவிடுவதால், பட்டியலில் அந்த ஏழும் 'ஆன்சர்டு' என்று சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன! எடுத்தவர்களுக்குத் தண்டனை, கிடைக்காமல் போன கால்களுக்கு நல்ல பெயர்.

நாளைக் காலை பதினொரு மணிக்கு முதலாளியைப் பார்க்கிறேன். தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஊக்கத்தொகையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லப் போகிறேன். அது வரைக்கும் எனக்குத் துணிச்சல் இருக்கிறது. அந்த வரவேற்புக் குரல் நாற்பது வினாடி நீளம், மாப்பிள்ளை. கடையின் வரலாறு, குலதெய்வம், தீபாவளித் தள்ளுபடி எல்லாம் அதில் வரும். பேசியிருப்பது முதலாளியின் மனைவி. அந்த அம்மாவும் நாளை உட்காரப் போகிறாராம்.

முதலாளிகளிடம் நயமாகப் பேசுவதில் நீதான் கெட்டிக்காரன். கடிதம் வந்து சேர்வதற்குள் பதினொரு மணி ஆகிவிடும் என்பதால் இதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறேன். என்ன சொல்லலாம் என்று காலையில் கூப்பிடு. மணி அடித்தவுடன் எடுக்கிறேன்.

உன் மச்சான்