பாப்பாவுக்கு, கார் விஷயமா அம்மா எழுதுறது

பாப்பா,

ஆடி கார் வாங்கவா, ஃபோக்ஸ்வேகன் டைகுன் வாங்கவான்னு போன்ல நீ கேட்டதுக்கு யோசிச்சுச் சொல்றேன்னு மட்டும் சொல்லி வச்சுட்டேன், அப்பா பக்கத்துலயே நின்னு ஆடி வாங்கச் சொல்லு ஆடி வாங்கச் சொல்லுன்னு கையக் காட்டிக்கிட்டே இருந்தாக, அந்த நேரத்துல நான் எதச் சொன்னாலும் சண்டையாத்தான் முடியும். அதான் உக்காந்து எழுதுறேன், மாப்பிள்ளையும் படிக்கட்டும், பொறுமையா ரெண்டு பேரும் படிங்க.

முடிவ முதல்லயே சொல்லிர்றேன். நீ டைகுன் வாங்கு. ஆடி கியூ3 இப்ப வேணாம்.

கோவப்படாத. உனக்கு ஆசை இருக்கறது தப்புன்னு நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். நம்ம வகையறாவுல ஒரு பொம்பளப் பிள்ள சொந்தச் சம்பளத்துல கார் வாங்குறதே நீதான் முதல் ஆளு, அதுல ஆடியோட நாலு வளையம் போட்ட வண்டியா இருந்தா எனக்கும் நெஞ்சு நிறையத்தான் செய்யும். நான் வேணாங்கறது சிக்கனத்துக்காக இல்ல. சர்வீஸ் முழுக்க இன்சூரன்ஸ் ஆபீஸுல மோட்டார் கிளெய்ம் சீட்ல உக்காந்து வந்தவ நான், வாங்குறப்ப வண்டிய எல்லாரும் பாப்பாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு அதே வண்டி என்ன நிலமையில ஆபீஸுக்கு வருதுங்கறத நான்தான் பாத்தேன்.

ரெண்டு கம்பெனியும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னு உனக்குத் தெரியும்ல. ஆடி, ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் எல்லாம் ஒரே குரூப்பு. அப்பா ராத்திரியெல்லாம் தேடிப் பாத்துட்டு அவுகளே வந்து சொன்னாக, கொஞ்ச நாள் முன்ன வரைக்கும் வந்த ஃபோக்ஸ்வேகன் டிகுவான், ஸ்கோடா கோடியாக், ஆடி கியூ3 மூணுலயும் அதே 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், அதே 190 பிஎஸ், அதே 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக், மூணையும் ஔரங்காபாத் பக்கம் ஷேந்திராவுல ஒரே பிளான்ட்லதான் மாட்டுனாங்களாம். அதைச் சொல்லிட்டு அவுகளே மறுபடி "ஆனாலும் ஆடி ஆடிதான்"ங்கறாக. இருக்கட்டும். டைகுன் அந்த அளவு வண்டி இல்ல, அது சின்னது, புனே பக்கம் சாக்கன்ல செய்யுறது, அது எனக்குத் தெரியும், ரெண்டும் ஒன்னுன்னு நான் சொல்ல வரல. ஆனா மட்டமான வண்டியும் இல்ல. 2022-ல குளோபல் என்கேப்புல மோதவிட்டுப் பாத்தப்ப பெரியவங்களுக்கும் 5 ஸ்டார், பிள்ளைங்களுக்கும் 5 ஸ்டார் வாங்குன வண்டி அது, 6 ஏர்பேக் இருக்கு. குட்டிப்பையன பின்னாடி சீட்ல போட்டுக்கிட்டுப் போறவளுக்கு நான் முதல்ல பாக்கறது அதத்தான்.

இப்ப கணக்குக்கு வருவோம், இத நிதானமாப் படி. ஆடிக்கு ஷோரூம் விலை சுமாரா 45 லட்சம்னு வச்சுக்குவோம். 2025 செப்டம்பர் 22-லருந்து இந்த மாதிரி வண்டிக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அது அந்த 45-குள்ளயே இருக்கு, பிரிச்சுப் பாத்தா கிட்டத்தட்ட 12.85 லட்சம் அதுலயே வரியாப் போயிருது. அதுக்கு மேல நம்ம தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ், 20 லட்சத்துக்கு மேல போனா 20 சதவீதம், அது ஒரு 9 லட்சம். ரெண்டையும் கூட்டு, 21.85 லட்சம். ஒரு டைகுன ரோட்டுல இறக்குற காசு, நீ வண்டியோட கதவத் திறக்குறதுக்கு முன்னாடியே வரியாப் போச்சு. டைகுன் 18 லட்சம்னு வை, 10-ல இருந்து 20 லட்சத்துக்குள்ளங்கறதால ரோடு டாக்ஸ் 18 சதவீதம், 3.24 லட்சம். அந்த 18-குள்ளயும் அதே 40 சதவீத ஜிஎஸ்டி இருக்கு, அது ஒரு 5.14 லட்சம், ரெண்டும் சேந்தாலும் 8.38 லட்சத்தோட முடிஞ்சுது. 10 லட்சத்துக்கு மேல வண்டின்னா 1 சதவீதம் டிசிஎஸ்னு வருமான வரிய முன்கூட்டியே பிடிப்பான், அது பயப்படுற விஷயமில்ல, ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம், அந்த ரசீத மட்டும் பத்திரமா வை.

அந்த ரோடு டாக்ஸ் இருக்கு பாரு, அது சாதா இன்சூரன்ஸ்ல சேராது. ஐடிவின்னு போடுவாங்கல்ல, வண்டி தொலைஞ்சாலோ மொத்தமா நசுங்குனாலோ அந்தத் தொகைதான் கைக்கு வரும், அது ஷோரூம் விலைல இருந்து தேய்மானம் கழிச்சது. முதல் ஆறு மாசத்துக்கு 5 சதவீதம், ஒரு வருஷம் வரை 15, ரெண்டு வருஷம் வரை 20, அப்புறம் 30, 40, அஞ்சாவது வருஷம் 50. எல்லா வண்டிக்கும் இதே சதவீதம்தான், ஆனா 45-ல பாதியும் 18-ல பாதியும் ஒன்னா? அஞ்சு வருஷத்துல ஆடியில 22.5 லட்சமும் வரி 9 லட்சமும் போகும், டைகுன்ல 9 லட்சமும் 3.24 லட்சமும் போகும். வித்தியாசம் 19 லட்சத்துக்கு மேல வருது பாப்பா. அதுவும் பேப்பர்ல, விக்கப் போனா பெரிய பிராண்டு வண்டிக்கு இதவிடவும் கொறச்சுத்தான் கேப்பான், ஏன்னா பழைய வண்டி வாங்க வர்றவன் அடுத்து வரப்போற பில்லுக்குப் பயப்படுவான்.

அந்தப் பயம் நியாயமான பயம். என் மேஜையில நான் திரும்பத் திரும்பப் பாத்த சங்கதி இதுதான், வண்டி விலை வருஷா வருஷம் இறங்கும், ஆனா அதோட ஹெட்லைட் விலை இறங்காது. வண்டி பாதி விலைக்கு வந்தப்பவும் பம்பர், கண்ணாடி, சென்சார் எல்லாம் புது வண்டிக்கு என்ன விலையோ அதே விலை, ஏறியும் இருக்கும். ரிப்பேர் செலவு ஐடிவில 75 சதவீதத்த தாண்டுச்சுன்னா டோட்டல் லாஸ்னு எழுதிருவாங்க. அஞ்சாறு வருஷம் ஓடுன பெரிய வண்டி அந்த 75-அ எம்புட்டு வெரசா தொடும்னு நீயே யோசி. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில நனைஞ்ச பெரிய பெரிய வண்டிகளெல்லாம் டோட்டல் லாஸ் ஆகி ஏலத்துக்குப் போச்சு, ஆசை ஆசையா வாங்குனவங்க எல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தாங்க. நீ இருக்கறது பெரும்பாக்கம். மழைன்னு ரேடியோவுல சொன்னாலே சனம் வேளச்சேரி பாலத்து மேல கொண்டுபோய் கார நிறுத்துற ஊரு உன் ஊரு. இங்க மதுரையும் சும்மா இல்ல, 2024 அக்டோபர்ல செல்லூர் பக்கம் எப்படித் தண்ணி நின்னுச்சுன்னு நியூஸ்ல பாத்தேல்ல.

இதுலயே இன்னொன்னு. மாப்பிள்ளை சொன்னாரே, நாலு வருஷம் ஓடுன ஆடிய டைகுன் விலைக்கே வாங்கிரலாம்னு, அது கேக்க நல்லாத்தான் இருக்கு, நிறைய பேரு அப்படித்தான் விழறாங்க. வேணவே வேணாம்னு சொல்லிரு, நான் சொன்னேன்னே சொல்லு. நீ 20 லட்சம் குடுத்து வாங்கலாம், ஆனா அது சர்வீஸுக்குப் போறப்ப 45 லட்ச வண்டியாத்தான் போகும். வாரண்டி முடிஞ்ச பின்னாடி கியர்பாக்ஸ்ல ஒரு கோளாறு வந்துச்சுன்னா மாசச் சம்பளக்காரங்க தாங்குற பில்லா இருக்காது. ரெண்டுல எதாவது ஒன்னு எடுக்கணும்னா புது ஆடியே எடு, பழைய ஆடி எடுக்காத. நான் பிடிவாதமாச் சொல்ற ஒரே விஷயம் இதுதான்.

கடன் வேற. 40 லட்சம் ஏழு வருஷத்துக்கு லோன் போடலாம்னு சொன்ன. 9 சதவீத வட்டின்னு போட்டுப் பாத்தேன், மாசம் 64,350 ரூபா கட்டணும், முடியறப்ப வட்டி மட்டும் 14 லட்சம். நீ கையில வச்சிருக்க 16 லட்சத்தோட டைகுன் வாங்குனா 6 லட்சம்தான் கடன் வேணும், மூணு வருஷத்துல முடிச்சாலும் மாசம் 19 ஆயிரம். மாசா மாசம் மிச்சமாகறத பிளாட் லோன்ல கட்டு. அந்த பிளாட்டு உன் பேர்ல இருக்கு, கார் லோன் ஓடுற ஏழு வருஷமும் நீ இந்த வேலைய விடவும் முடியாது, மாத்தவும் யோசிப்ப, மேனேஜர் என்ன சொன்னாலும் பொறுத்துக்கிட்டுக் கெடக்கணும். போன வருஷம் நீ ராத்திரி பதினோரு மணிக்கு அழுதுகிட்டே பேசுனது எனக்கு மறக்கல. வேணாம்னா விட்டுட்டு வந்துரும்மான்னு நான் தைரியமாச் சொன்னேன்ல, அந்த மாதிரி எப்பவும் உங்கிட்டச் சொல்ற நிலமையில இருக்கணும்னுதான் எனக்கு.

ஆடில என்ன இருக்குன்னும் சொல்லணும்ல, இல்லைன்னா நான் ஒருதலைப்பட்சமாப் பேசுறதா ஆகும். உள்ள உக்காந்தா சத்தமே வராது, சீட்டு அருமையா இருக்கும், மேலூர்ல ஏறி சென்னையில இறங்குற வரை அந்த நானூறு கிலோமீட்டருக்கு மேலயும் முதுகு வலிக்காது. ஓவர்டேக் பண்றப்ப இழுக்குற சக்தி வேற. இதெல்லாம் நிசமான சொகம், வெறும் பேருக்காக மட்டும் அம்புட்டு விலை இல்ல. ஆனா நீ மாசத்துக்கு ஒருக்கா ஊருக்கு வர்ற, மத்த நாளு பூரா பெரும்பாக்கத்துல இருந்து ஆபீஸு வரை ஓஎம்ஆர் டிராபிக்ல ஊர்ந்துக்கிட்டுத்தான் போற. நாலு சக்கரத்துக்கும் பவர் போறது அங்க எதுக்கு? பரனூர் டோல்லயும் விக்கிரவாண்டியிலயும் சிட்டம்பட்டியிலயும் ரெண்டு வண்டியும் ஒரே வரிசையிலதான் நிக்கும்.

டைகுன்லயும் ஒன்னு பாத்து எடு. ஆரப்பாளையத்துல நம்ம வண்டிய பாக்கற மெக்கானிக் அண்ணன்ட்ட கேட்டேன், அந்த 1.5 இன்ஜினோட வர்ற ஆட்டோமேட்டிக் ரெட்டை கிளட்ச் டிஎஸ்ஜி, அதுவும் எண்ணெய் இல்லாத டிரை கிளட்ச், வெயில்ல நின்னு நின்னு போற டிராபிக்ல சூடாகும்ங்கறார். 1.0 லிட்டர்ல வர்றது டார்க் கன்வெர்ட்டர், எண்ணெய் வழியா சக்தியக் கடத்துற ஆட்டோமேட்டிக், ஊர்ந்து போறதுக்கு அதுதான் தோதாம். 150 பிஎஸ் எங்க, 115 பிஎஸ் எங்கன்னு மாப்பிள்ளை கேப்பாரு, ரெண்டையும் ஓட்டிப் பாருங்க, காலியான ரோட்டுல ஓட்டக்கூடாது, சாயங்காலம் ஆறு மணிக்கு சோழிங்கநல்லூர் சிக்னல்ல ஓட்டிப் பாக்கணும். அப்புறம் தரைக்கும் வண்டி அடிக்கும் நடுவுல 188 மில்லிமீட்டர் உசரம் இருக்கு, நம்ம செல்லம்பட்டி வீட்டுக்குப் போற மண் ரோட்டுல அடி தட்டாது, புளியமரத்தடியில நிறுத்திட்டு மனசு பதறாம உள்ள வந்து சாப்பிடலாம்.

சொந்தக்காரங்க பேச்ச நீ கண்டுக்காத. பெரியப்பா இன்னோவா தவிர வேற எதையும் கார்னே ஒத்துக்க மாட்டாக. மண்டபத்து வாசல்ல எந்த வண்டியில வந்து இறங்குறோம்னு பாக்குற சனம் இருக்கு, இல்லைன்னு சொல்லல, உன் மாமியார் வீட்டுப் பக்கமும் இருக்காங்க, அது உனக்கு உறுத்துதுன்னு எனக்குத் தெரியும். நாத்தனார் வீட்டுல பென்ஸ் நிக்குது, நீ பக்கத்துல போய் டைகுன நிறுத்தணும். அதுக்கு என்ன இப்ப? அந்த பென்ஸு பிசினஸ் கணக்குல ஓடுது, தேய்மானத்தையும் லோன் வட்டியையும் செலவாக் காட்டிக்குவாங்க. சம்பளக்காரிக்கு அந்த வழி கெடையாது, வரி கட்டி மிச்சம் வந்த காசுலதான் நீ வாங்கணும். ரெண்டு பேரும் ஒரே கடைக்குப் போறீங்க ஆனா ஒரே விலைக்கு வாங்கல, அத நெனச்சு நீ தலை குனிய வேண்டியதே இல்ல.

அப்பாவ நான் பாத்துக்கறேன். நாலு வளையத்த நம்ம தெருவுல பாக்கணும்னு அவுகளுக்கு ஆசை, நீ சின்னப் பிள்ளையா இருக்கயில சைக்கிள்ல முன்னாடி வச்சுக் கூட்டிட்டுப் போன மனுசன், அந்த ஆசைய நான் குத்தம் சொல்ல மாட்டேன். எந்த வண்டியா இருந்தாலும் பாண்டி கோவில்ல பூசை போட்டு எலுமிச்சம்பழம் ஏத்திட்டுத்தான் வீட்டுக்கு வரணும், அதுல மட்டும் அவுகளும் நானும் ஒரே கட்சி. பிளாட் லோன் முடிஞ்ச பெறகு, கடனே இல்லாம முழுக் காசும் குடுத்து ஆடி எடுக்கற நாள் வந்தா, நான்தான் முன் சீட்ல உக்காருவேன், அப்ப ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டேன்.

இப்ப இன்சூரன்ஸு. ஷோரூம்காரன் குடுக்குறதுல அப்படியே கையெழுத்துப் போடாத, வெளியிலயும் விலை கேளு. மூணு சேத்துப் போடணும். ஜீரோ டெப்ரிசியேஷன், அதாவது பார்ட்ஸுக்குத் தேய்மானம் கழிக்காம தர்றது, ஏன்னா சாதா பாலிசியில பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கெல்லாம் பாதிக் காசுதான் தருவான், பம்பர் பூரா பிளாஸ்டிக்கு. இன்ஜின் புரொடெக்ட், பெரும்பாக்கத்துக்கு இது இல்லாம வண்டியே எடுக்கக் கூடாது, தண்ணி உள்ள போய் இன்ஜின் லாக் ஆனா சாதா பாலிசியில வராது. தண்ணிக்குள்ள நின்ன வண்டிய எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் பண்ணிராத, மாப்பிள்ளைட்டயும் கண்டிப்பாச் சொல்லு, இஞ்சின் போறது அந்த ஒரு ஸ்டார்ட்லதான், டோ பண்ணித்தான் கொண்டுபோகணும். மூணாவது ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், வண்டி மொத்தமாப் போனா நீ கட்டுன ரோடு டாக்ஸும் அதுல திரும்ப வரும், முதல் சில வருஷத்துக்குத்தான் குடுப்பாங்க, குடுக்கற வரை விடாம போட்டுக்க. பாலிசி டிராஃப்ட் வந்ததும் எனக்கு வாட்சப்ல அனுப்பு, ஐடிவி கொறச்சுப் போட்டு பிரீமியம் கம்மின்னு காட்டுவாங்க, நான் பாத்துச் சொன்ன பெறகு பணம் கட்டு.

அம்மா