அந்த நிகழ்ச்சிக்கு நீயும் போ

பாப்பா,

நேற்று போனில் நீ பாதியில் வைத்துவிட்டாய், எனக்கோ சொல்ல நிறைய இருந்தது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் லேபில் இருக்கும் அந்தப் பெண் கறுப்பின வரலாற்று மாத நிகழ்ச்சிக்கு உன்னைக் கூப்பிட்டாள் என்றும், "அது அவங்க விசேஷம்மா, நான் போய் என்ன பண்ணப் போறேன்" என்றும் சொன்னாய். நீ போக வேண்டும். அதுவும் அமெரிக்காவில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு போகாமல் இருக்கவே கூடாது.

ஏனென்றால் கறுப்பின மக்களின் வரலாற்றைப் பிப்ரவரி முழுக்க நினைவுகூரும் இந்த மாதக் கொண்டாட்டம் தொடங்கியதே உங்கள் வளாகத்தில்தான். அதற்கு முன்பு அது ஒரு வாரமாகத்தான் இருந்தது, 1926-இல் கார்ட்டர் உட்ஸன் என்ற கறுப்பின வரலாற்று அறிஞர் தொடங்கியது. அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, 20 வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்கே போனார், 1912-இல் ஹார்வர்டில் வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிப்ரவரியை ஏன் எடுத்தார் தெரியுமா? 12-ஆம் தேதி லிங்கன் பிறந்த நாள், 14 அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய பிரடெரிக் டக்ளஸுடையது, இரண்டையும் கறுப்பின மக்கள் முன்பே கொண்டாடி வந்தார்கள். டக்ளஸுக்குத் தான் பிறந்த தேதி உண்மையில் தெரியாது, அடிமையாகப் பிறந்த பிள்ளைக்கு யார் குறித்து வைத்தார்கள், 14 என்று அவராகவே வைத்துக்கொண்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

அந்த ஒரு வாரம் போதாது, முழு மாதம் வேண்டும் என்று 1969 பிப்ரவரியில் கேட்டவர்கள் உங்கள் பல்கலைக்கழகத்தின் பிளாக் யுனைடெட் ஸ்டூடண்ட்ஸ் என்ற கறுப்பின மாணவர் அமைப்பினர். எல்லாம் உன் வயதுப் பிள்ளைகள். 1970 ஜனவரி 2 முதல் பிப்ரவரி 28 வரை கொண்டாடியும் காட்டினார்கள். அமெரிக்க அதிபர் ஃபோர்ட் அதை ஏற்றுப் பேசியது 1976-இல்தான். அதே 1970-இல் மே 4 அன்று தேசியக் காவல் படையினர் சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தார்களே, அவர்கள் நினைவிடத்தை நீ அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரமே படம் எடுத்து அனுப்பினாய். சில மாதம் முன்னால் அதே மண்ணில் நடந்த இந்த நல்ல விஷயத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டாமா?

அப்புறம், நூலகத்திலேயே காலம் கழித்தவள் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் டாரதி போர்ட்டர் என்று ஒரு நூலகர், 1930-இலிருந்து 1973 வரை கறுப்பின மக்களின் நூல்களைச் சேர்த்தவர். அந்தக் காலத்தில், நூலகத்தில் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டுப் பிரிக்கும் டூயி முறையை வைத்துக்கொண்டு, கறுப்பினத்தவர் எழுதியது எதுவானாலும் 325-இல் குடியேற்றம் அல்லது 326-இல் அடிமைமுறை என்று தள்ளிவிடுவார்களாம். கவிதை எழுதினாலும் அங்கேதான்! அந்த அம்மா கவிதையைக் கவிதையோடு, வரலாற்றை வரலாற்றோடு வைத்தார். நூல் வாங்கப் பணம் இல்லாமல், பதிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதி இலவசமாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். நானும் எத்தனையோ புத்தகத்தின் முதுகில் அந்த எண்களை ஒட்டியிருக்கிறேன், ஒரு எண் இவ்வளவு அவமானத்தைச் சுமக்கும் என்று அவரைப் பற்றிப் படித்த பிறகுதான் புரிந்தது. நீ போகப்போகும் நிகழ்ச்சியில் ஒரு பெண் நின்று கவிதை வாசித்தால், அதற்குப் பின்னால் இப்படி யாரெல்லாமோ உழைத்திருக்கிறார்கள்.

நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டாயே. 1946-இலிருந்து அமெரிக்காவில் குடியேற இந்தியர்களுக்கு வருஷத்துக்கு 100 பேர் என்றுதான் ஒதுக்கீடு இருந்தது. 1965 அக்டோபரில் வந்த சட்டம் அந்த முறையை எடுத்தது. 1964-இல் சமஉரிமைச் சட்டம், 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அதன் பிறகு இது. தெருவில் இறங்கி அடி வாங்கி நாட்டின் மனசை மாற்றியவர்கள் அந்தக் கறுப்பின மக்கள். உன் பெரியப்பா நியூஜெர்சியில் வீடு வாங்கியது அந்தக் கதவு திறந்ததால்தான், ஆனால் அவர் வீட்டில் கறுப்பினத்தவரைப் பற்றிப் பேசும் பேச்சை நீயே கேட்டிருக்கிறாய். அங்கே நம் பையன்கள் எகத்தாளமாக ஏதாவது சொன்னால் சிரித்து மழுப்பிவிட்டு நகராதே, தப்பு என்று முகத்துக்கு நேரே சொல். மாநிறமாகப் பிறந்ததற்கே கல்யாண வீடுகளில் எவ்வளவு கேட்டிருக்கிறாய் நீ.

போனால் கடைசி வரிசையில் போனை நோண்டிக்கொண்டு உட்காராதே. நாற்காலி எடுத்துப் போட ஆள் வேண்டுமா என்று கேள். அந்தக் காலால் தட்டி கையால் தட்டி ஆடும் ஸ்டெப் ஆட்டத்தை எடுத்து எனக்கு வீடியோ அனுப்பு, ஆனால் எடுக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள். ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவரச் சொன்னால் தட்டப்பயறுக் குழம்பு வை, அங்கே பிளாக் ஐட் பீஸ் என்று எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தப் பயறு ஆப்பிரிக்காவில் விளைந்துதான் நம் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் போய்ச் சேர்ந்தது, அவர்கள் புத்தாண்டுக்குச் சமைப்பதும் அதைத்தான். கத்தரிக்காய் சேர்த்து, தேங்காய் அரைத்து விடு, காரம் மட்டும் பாதியாகக் குறை.

சரி, இன்னொன்று. உங்கள் நூலகத்தில் பழைய ஆவணப் பிரிவு இருக்கும், அங்கே போய் 1970 பிப்ரவரி நிகழ்ச்சிகளின் அச்சிட்ட அழைப்பிதழோ நோட்டீஸோ இருக்கிறதா என்று கேள். இருந்தால் படம் எடுத்து அனுப்பு, எனக்கு அதைப் பார்க்க வேண்டும்.

அம்மா