யாருக்கு எந்தப் புத்தகம் என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நந்தனம் புத்தகக் காட்சியையொட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் ‘அண்மையில் வந்த நல்ல நூல்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். அதைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்க என் கடைக்கு ஆட்கள் வந்தார்கள். மேற்கு மாம்பலத்தில் என் மாமனார் தொடங்கிய லெண்டிங் லைப்ரரியை இப்போது நான் நடத்துகிறேன். நாவல், சிறுகதை, வரலாறு, சிறார் என்று வகை பிரித்து, பெயர், பதிப்பகம், விலை எல்லாம் கொடுத்திருந்தீர்கள். குறை சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் பட்டியலை என் முன்னால் விரித்துவைத்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “இதுல எனக்கு எதும்மா சரிப்படும்?” அதற்கு மட்டும் அதில் பதில் இல்லை.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. உங்கள் பட்டியலில் அதற்கு நேரே ‘குடும்ப நாவல்’ என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஓர் அம்மா கேட்டு வந்தார். கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், ராத்திரி துணைக்கு இவர்தான், தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும்போது படிக்க ஏதாவது வேண்டும். நான் தரவில்லை. வீட்டை எதிர்த்து ஆட்டோ ஓட்டுபவரைக் கட்டிக்கொண்ட, இன்ஜினியரிங் படித்த பெண் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வெளியே பெற்றவர்கள் நிற்கிறார்கள். கதை பெரும்பாலும் அந்த வார்டு வாசலிலேயே நடக்கிறது. சமீப வருடங்களில் என்னை இவ்வளவு உலுக்கிய தமிழ் நாவல் வேறில்லை. அதனாலேயே அந்த அம்மாவுக்கு அந்த வாரம் அது ஆகாது. வீட்டுக்காரர் குணமாகி வந்த பிறகு தாராளமாக எடுத்துப் போகட்டும். அன்றைக்கு அம்பையின் ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’ தொகுப்பைக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு விருது அதற்குத்தான். சிறுகதைகள், ஒன்றைப் படித்து மூடிவைக்கலாம், டாக்டர் வந்தால் எழுந்து போகலாம். இந்த இரண்டு புத்தகங்களுக்கும் உங்கள் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரிதான், அதுவும் ஒரே மாதிரி வரி.

“படிக்க நேரம் எங்கே இருக்கு” என்று சொல்கிறவர்கள் என் கடையில் பெரிய ஜாதி. மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்துப் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் போய்வருகிற சின்ன வயதுக்காரர்கள் பலரும் இதில் அடக்கம். அவர்களுக்கு நான் கொடுப்பது தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. 2023-க்கான அகாதெமி விருது. மெலிந்த புத்தகம், பையில் இருப்பதே தெரியாது. கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பம் ஒன்று; காரு மாமா இறந்துபோகிறார், சிதறிக் கிடந்த உறவுகள் சாவு வீட்டில் கூடுகின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை சொல்லித்தான் கொடுப்பேன்: ஆரம்பப் பக்கங்களில் அத்தை, மாமா, பெரியம்மா என்று ஆட்கள் வரிசையாக வருவார்கள், கொங்குப் பேச்சும் சென்னைக்காரர்களுக்குப் புதிது. ஒரு துண்டுக் காகிதத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று குறித்துக்கொள்ளுங்கள் என்பேன். அப்படிக் குறித்த காகிதத்தை உள்ளேயே வைத்துத் திருப்பிக் கொடுத்தார் ஒரு தம்பி. இப்போது அது புத்தகத்தோடு சேர்ந்தே எல்லோர் வீட்டுக்கும் போய்வருகிறது.

சரித்திர நாவல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. 2022-இல் சினிமா வந்ததும் ‘பொன்னியின் செல்வ’னைக் கேட்டு வந்த கூட்டம் மாமனார் காலத்தில்கூட வந்திருக்காது. ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டு “அடுத்து என்ன ஆன்ட்டி?” என்று நின்ற பிள்ளைகளுக்கு உங்கள் பட்டியல் உதவவில்லை. நான் மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’யை எடுத்து நீட்டினேன். மருது சகோதரர்கள் 1801-இல் தூக்கிலிடப்பட்ட பிறகு, சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவரையும் அவரைச் சேர்ந்தவர்களையும், மொத்தம் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை, தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அந்தப் பயணம்தான் நாவல். கல்கியிடம் கிடைத்த நந்தவனமும் நிலா வெளிச்சமும் இங்கே கிடையாது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. முடித்தவர்கள் மட்டும் உடனே வேறு புத்தகம் எடுக்காமல் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் போனார்கள்.

கதை வேண்டாம், நடந்ததை மட்டும் சொல் என்பவர்களுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ இருக்கிறது. 2024-க்கான விருது பெற்ற ஆய்வு நூல். ஆய்வு என்றதும் நம் ஆட்கள் பின்வாங்கிவிடுவார்கள். எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், தினசரியைத் தவிர வேறெதையும் தொட்டு நான் பார்த்ததில்லை. 1908 மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி. கைதானார், மறுநாள் உங்கள் ஊரே கொதித்து எழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள் என்று சொன்னேன். “எந்தத் தெருவுல நடந்துதுன்னு போட்டிருக்கா?” என்றார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார், திருப்பித் தரவேண்டிய தேதி தாண்டி ரொம்ப நாளாயிற்று. அண்ணாச்சியிடம் எப்படி அபராதம் கேட்பது?

எங்கள் கடைக்குள் 2015 டிசம்பரில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்தது. இன்றைக்கும் கீழ்த்தட்டுகளைக் காலியாகத்தான் வைத்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, தண்ணீரைப் பற்றிய புத்தகங்களை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பேன். சோ. தர்மனின் ‘சூல்’ நாவலையும் நக்கீரனின் ‘நீர் எழுத்து’ நூலையும் சேர்த்தே கொடுப்பது என் வழக்கம். ‘சூல்’ 2019-க்கான விருது பெற்றது; உருளைக்குடி என்ற கரிசல் கிராமமும் அதன் கண்மாயும், கண்மாயைத் தன் பிள்ளைபோலக் காத்த மனிதர்களும், பிறகு அது அவர்கள் கையை விட்டுப் போனதும். அதை முதலில் படியுங்கள். கண்மாய் என்றால் என்னவென்று மனசுக்குப் பட்ட பிறகு, தமிழ்நாட்டு நீரின் கதையைத் தகவல்களோடு சொல்லும் ‘நீர் எழுத்து’க்கு வாருங்கள். உங்கள் பட்டியலில் ஒன்று ‘நாவல்’ பத்தியிலும் மற்றது ‘சூழலியல்’ பத்தியிலும் கிடந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால்தான் படிப்பவருக்குப் பிரயோஜனம்.

‘அண்மையில்’ என்ற கணக்கிலும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பெருமாள்முருகனின் ‘ஆளண்டாப் பட்சி’ 2012-இல் வந்தது. பங்காளிகள் பாகம் பிரித்ததில் ஏமாந்த முத்து, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு புது நிலம் தேடிப் புறப்படும் கதை. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-இல் 25 லட்சம் ரூபாய் ஜேசிபி இலக்கியப் பரிசு வாங்கிய பிறகுதான் இங்கே பெயர் கேட்டு வந்தார்கள். வெளியூரில் இருக்கும் மகள் ஆங்கிலத்தில் படித்துவிட்டுச் சொல்ல, அம்மா தமிழில் தேடி வருகிறார். அவருக்கு அது புதுப் புத்தகம்தான். ஆகவே போன வருடம் அச்சானது மட்டும் என்று கோடு போடாதீர்கள்.

குழந்தைகளுக்கு நீங்கள் ஒதுக்கிய இடம் மிகக் குறைவு. வயதும் போடவில்லை. கீழடி அருங்காட்சியகம் பார்த்துவிட்டு வந்த குடும்பங்களுக்கு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’யைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். சிறார் இலக்கியத்துக்கு அகாதெமி தரும் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற நூல், கீழடியின் பழங்காலத்துக்கே பிள்ளைகளைக் கூட்டிப்போகும். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ வேறு மாதிரி. அதற்கும் அதே புரஸ்கார்தான், ஆனால் பிள்ளைகளிடம் பெரியவர்கள் தவறாக நடப்பதைப் பற்றியது. பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு டி.வி. பார்க்கப் போய்விடாதீர்கள், கூட உட்கார்ந்து படியுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லித்தான் கொடுப்பேன். அந்த ஒரு வரியை உங்கள் பத்திரிகை போட்டிருந்தால் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கும்.

மாத நாவலும் காமிக்ஸும் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. முத்து காமிக்ஸ் 1972-இல் தொடங்கியது. தலை நரைத்தவர்கள் இன்றைக்கும் இரும்புக்கை மாயாவியைக் கேட்டு வருகிறார்கள். அவர்களைத் திருத்த எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்று, உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். எழுத்தின் அளவையும் புத்தகத்தின் எடையையும் குறிப்பிடுங்கள். என் உறுப்பினர்களில் பாதிப் பேர் கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள், படுத்துக்கொண்டு படிப்பவர்கள். கெட்டி அட்டை போட்ட தடிப் புத்தகத்தை மார்மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை என்று, பிடித்த நாவலையே திருப்பித் தந்த மாமி இருக்கிறார். டோனி ஜோசப்பின் ‘ஆதி இந்தியர்கள்’ தமிழில் நன்றாக வந்திருக்கிறது. நம் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பதை மரபணு ஆய்வுகளைக் கொண்டு புரியும்படி சொல்கிறது. ஆனால் அதை மேஜைமேல் வைத்து, பகல் வெளிச்சத்தில் படியுங்கள் என்றுதான் வயதானவர்களிடம் சொல்கிறேன்.

இதெல்லாம் என் வியாபாரத்துக்காக எழுதுவதாக நினைக்க வேண்டாம். சொத்து வரியோடு நாம் நூலக வரியும் கட்டுகிறோம், பத்து சதவீதம். விலை கட்டுப்படியாகாதவர்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் கேட்கலாம். எழும்பூர் கன்னிமாராவும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. பட்டியலின் அடியில் அதையும் ஒரு வரி போடுங்கள். கோடை விடுமுறைக்குச் சிறார் நூல்களுக்கென்று தனிப் பக்கம் வருமானால், ஒவ்வொன்றுக்கும் நேரே வயதைக் குறிப்பிட்டு ஏப்ரல் முதல் வாரத்திலேயே வெளியிடுங்கள். மே மாதம் பாதிப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

இப்படிக்கு,
லெண்டிங் லைப்ரரி நடத்தும் ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை-33