கேட்ட பிறகே கையளிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

61 நாள் தடைக்காலம் முடிந்து ஜூன் 15 முதல் விசைப்படகுகள் கடலுக்குப் போகின்றன. பாம்பன், தங்கச்சிமடம் வீடுகளில் மெழுகுவர்த்தி ஏற்றிச் செபிக்க உட்காரும் பலர், வாயைத் திறந்ததுமே "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று தங்களைக் கடவுளிடம் கையளித்து முடித்துவிடுகிறார்கள். பக்தியாகத்தான் தெரியும். இயேசு செபித்த முறை வேறு.

விவிலியத்தில் மத்தேயு நற்செய்தியின் 26-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். கைதாகும் இரவில், கெத்சமனி என்ற இடத்தில் அவர் 3 முறை செபிக்கிறார். கிண்ணம் என்று அவர் சொல்வது வரப்போகும் பாடுகளை. முதல் முறை (39-ஆம் வசனம்) "முடிந்தால் இந்தக் கிண்ணம் அகலட்டும்" என்ற வேண்டுதல்தான் முன்னால் நிற்கிறது. "உம் விருப்பப்படியே" என்பது அதன் பின்னால் வருகிறது. இரண்டாம் முறை (42) பேச்சே மாறுகிறது: நான் குடித்தால்தான் அகலும் என்றால், உமது திருவுளப்படி ஆகட்டும். மூன்றாம் முறையும் அதே சொற்கள். நடுநடுவே எழுந்து வந்து, சீடர்கள் தூங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறார். "உமது திருவுளப்படி" என்பது இறைமகனே எடுத்த எடுப்பில் சொல்லாத சொல்.

ஆகவே முதல் 5 நிமிடம் பயத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இன்ஜின் கடன், கடலில் சிறைபிடிப்பு, மகனின் உயிர். அழுகை வந்தால் அடக்க வேண்டாம். இயேசுவும் கண்ணீரோடு உரக்க வேண்டினார் என்கிறது எபிரேயர் 5:7. பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். மனம் அடங்கினால் "உமது திருவுளம் நிறைவேறுக" என்று சொல்லுங்கள். அடங்காவிட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, மறுநாள் அதே இடத்திலிருந்து தொடங்குங்கள். மனம் ஒப்பாமல் உதட்டால் சொல்வதைவிட அது நேர்மையானது.

புயல் கூண்டு ஏற்றிய பிறகும், லைஃப் ஜாக்கெட்டைக் கரையில் போட்டுவிட்டும் "அவர் சித்தம்" என்று கிளம்புவது கையளிப்பே ஆகாது. ஆண்டவரைச் சோதிக்காதே என்று மத்தேயு 4:7 தடுப்பது இதைத்தான். கையளித்தவர்கள் கைகட்டி உட்கார்ந்ததும் இல்லை. தமிழகத்தில் மறைப்பணி செய்த போர்ச்சுக்கல் நாட்டுக் குரு அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) 1686-இல் சிறைப்பட்டு வதைபட்டார். பிறகு ஐரோப்பாவுக்குப் போனவர் அங்கேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்து உழைத்தார். 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் உயிர் கொடுத்தார்.

இன்னொன்று. இயேசு அந்தச் சொல்லைத் தன் கிண்ணத்துக்குத்தான் சொன்னார், அடுத்தவர் கிண்ணத்துக்கு அல்ல. கடலில் கணவனைப் பறிகொடுத்தவளிடம் போய் "ஆண்டவர் சித்தம்மா" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து 53 மணிச் செபமாலையை அவளோடு சேர்ந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்,
பாம்பன்.