கப்பல் எந்த ஊரில் சேர்த்தி? – காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐதராபாத்தில் இயங்கும் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் திருச்சிராப்பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாகப் பயண ஏற்பாட்டு நிலையம் ஒன்றை நடத்தி வருகிறேன். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் யாத்திரைப் பேருந்துகளை அனுப்புவதில் தொடங்கிய என் கடையில், இன்று கோடை விடுமுறை நெருங்கும்போது அதிகம் கேட்கப்படுவது சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கையும் புக்கெட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பல் பயணம்தான். எங்கள் ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பது ஒரு காரணம். அறுபதாம் கல்யாணம் முடிந்த பெற்றோருக்குப் பிள்ளைகள் கொடுக்கும் அன்பளிப்பாக இந்தப் பயணம் மாறிவிட்டது இன்னொரு காரணம். பயணச்சீட்டோடு சேர்த்துக் காப்பீட்டு பாலிசியையும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். அதில் எனக்குக் கமிஷன் உண்டு என்பதையும், சென்ற ஆண்டு வரையில் அந்தப் பாலிசிகளில் ஒன்றைக்கூட முழுமையாகப் படித்ததில்லை என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சென்ற ஆண்டு என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் மனைவியுடன் இப்படி ஒரு கப்பலில் சென்றார். ஓய்வுபெற்ற அரசு ஊழியர், அறுபத்தேழு வயது. இரண்டாம் நாள் இரவு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்த மருத்துவ அறையில் ஈ.சி.ஜி. எடுத்து, ஆக்சிஜன் வைத்து, ஊசி மருந்துகள் செலுத்தி, கப்பல் பினாங்கு துறைமுகத்தை அடையும்வரை பதினோரு மணி நேரம் அந்த மருத்துவரும் செவிலியரும் அவரைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். பிறகு ஆம்புலன்சில் ஏற்றி நகரத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே இதயத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. காப்பீட்டு நிறுவனம் பினாங்கு மருத்துவமனையின் கட்டணத்தைத் தயங்காமல் கட்டியது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கப்பலின் மருத்துவ அறைக் கட்டணம் டாலரில் கணக்கிடப்பட்டு, அவர் கப்பலில் ஏறும்போது கொடுத்திருந்த கார்டிலிருந்து ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. ரூபாயில் அது ஒன்றே முக்கால் லட்சம். அந்தத் தொகைக்கான க்ளெய்ம் இரண்டு வரிக் கடிதத்தோடு நிராகரிக்கப்பட்டது: கப்பலில் உள்ள மருத்துவ அறை, பாலிசி சொல்லும் 'மருத்துவமனை' என்ற வரையறைக்குள் வராது, சிகிச்சை பெற்ற நேரமும் பாலிசி கேட்கும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குக் குறைவு. கணவரோடு பாதியில் இறங்கிய மனைவியின் விடுதிச் செலவு, கப்பலில் அனுபவிக்காமல் போன நாள்களுக்கான கட்டணம், தவறிய விமானத்துக்குப் பதிலாக வாங்கிய புதிய சீட்டு ஆகியவை நாங்கள் எடுத்திருந்த பாலிசியின் பயன் அட்டவணையிலேயே இல்லை.

அந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டியபோது அவர் கோபப்படவில்லை. "நடுக்கடலில் இருபத்து நான்கு மணி நேரம் படுத்திருந்தால் நான் பிழைத்திருப்பேனா தம்பி?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவுதான் பாலிசியை முதன்முறையாக முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். அதன் தொடர்ச்சியே இந்த மடல்.

நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகளுக்காக ஆணையம் வகுத்துள்ள வரையறையின்படி, உரிய சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறாத ஒரு நிலையத்தை மருத்துவமனையாக ஏற்க வேண்டுமானால், பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊர்களில் அதற்குக் குறைந்தது 10 படுக்கைகளும், மற்ற இடங்களில் 15 படுக்கைகளும் இருக்க வேண்டும். தகுதி பெற்ற செவிலியரும் மருத்துவரும் இரவுபகலாக இருக்க வேண்டும். சொந்தமாக அறுவைக்கூடம் இருக்க வேண்டும். நோயாளிகளின் அன்றாடப் பதிவேடு இருக்க வேண்டும். நிலத்தில் இது நல்ல வரையறை. பெயர்ப்பலகை மாட்டிய வீட்டையெல்லாம் மருத்துவமனை என்று காட்டிப் பணம் பறிப்பதைத் தடுக்கவே இது எழுதப்பட்டது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் கப்பல் எந்த ஊரில் சேர்த்தி? அதன் மக்கள்தொகையை எந்தக் கணக்கெடுப்பில் பார்ப்பது? சில ஆயிரம் பேர் பயணம் செய்யும் கப்பலிலும் மருத்துவப் பிரிவு என்பது சில படுக்கைகளும் அவசர சிகிச்சைக் கருவிகளும் கொண்ட சிறு இடம்தான். நோயாளியைக் கரை சேரும்வரை உயிரோடு வைத்திருப்பதே அதன் வேலை; அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தாலும் மருத்துவமனை ஆகாது. உள்ளூர் பாலிசிகளுக்கு எழுதப்பட்ட இந்த அளவுகோலின் நிழல், வெளிநாட்டுப் பயண பாலிசிகளின் சொற்களிலும் விழுந்து கிடப்பதைத்தான் அந்த இரண்டு வரிக் கடிதத்தில் கண்டேன்.

இது வெளிநாடு செல்பவர்களின் தொல்லை மட்டுமன்று. மும்பையிலிருந்து கோவாவுக்கும் இலட்சத்தீவுக்கும் கப்பல்கள் செல்கின்றன. சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் சொகுசுக் கப்பல் சேவை தொடங்கியது. 2023 ஜூனில் அதே துறைமுகத்திலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குக் கப்பல் புறப்பட்டது. 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு 'க்ரூஸ் பாரத்' இயக்கத்தைத் தொடங்கி, கடல்வழிச் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை 2029க்குள் இரு மடங்காக்கும் இலக்கை வைத்திருக்கிறது. ஒரு பக்கம் துறைமுக முனையங்களைக் கட்டிக்கொண்டே போகிறோம். மறுபக்கம், சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் போகும் கப்பலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒருவருக்குக் கப்பல் மருத்துவர் செய்த சிகிச்சைக்கு, அவர் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டிவரும் மருத்துவக் காப்பீடு பொருந்துமா என்று கேட்டால் கடையில் உட்கார்ந்திருக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

ஆஸ்திரேலிய அரசு தன் குடிமக்களுக்கு வழங்கும் பயண அறிவுரையில், ஆஸ்திரேலியக் கடல் எல்லையைத் தாண்டாத கப்பலில் போனாலும் கப்பல் பயணத்துக்கென்றே உள்ள காப்பீட்டை எடுக்கச் சொல்கிறது. நிலத்தில் கிடைக்கும் அரசு மருத்துவ உதவி பொதுவாகக் கப்பல் மருத்துவரின் கட்டணத்துக்குப் பொருந்தாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறது. முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம், கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் நிற்கும்போதோ அங்கிருந்து ஆறு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் இருக்கும்போதோ மட்டுமே கப்பலில் பெறும் சிகிச்சைக்குப் பணம் தரும் என்று வரையறுத்துள்ளது. இந்த விதிகள் தாராளமானவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கப்பல் என்ற ஒன்று உண்டு என்று அவை ஒப்புக்கொள்கின்றன. பயணி ஏறுவதற்கு முன்பே தன் நிலையை அறிந்துகொள்கிறார்.

சிகிச்சை தவிர, கடலுக்கே உரிய வேறு இடர்களும் உள்ளன. விமானம் தாமதமானால் அடுத்த விமானம் கிடைக்கும், கப்பல் காத்திருக்காது. 2024 மார்ச்சில் நார்வீஜியன் டான் என்ற கப்பல், தீவைச் சுற்றிப் பார்க்கப் போய் நேரத்துக்குத் திரும்பாத எட்டுப் பயணிகளை ஆப்பிரிக்காவின் சாவோ தோமே தீவில் விட்டுவிட்டுப் புறப்பட்டது. அவர்கள் காம்பியாவில் ஏறிக்கொள்ளலாம் என்று நாடு நாடாகக் கடந்து போனபோது, வானிலையும் கடல் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கமும் சரியில்லாததால் கப்பல் அங்கே கரை பிடிக்காமல் போய்விட்டது. கடைசியில் செனகலில்தான் ஏறினார்கள். அவர்கள் கவனமாக இருந்திருக்கலாம் என்று சொல்லிவிடலாம். திருச்சியில் மூடுபனியால் விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகிச் சிங்கப்பூரில் கப்பலைத் தவறவிடும் குடும்பத்தை அப்படிச் சொல்ல முடியாது. நான் படித்துப் பார்த்த பாலிசிகளில் 'இணைப்புத் தவறுதல்' என்ற பயன் விமானத்திலிருந்து விமானத்துக்கு மாறுவதை மட்டுமே பேசுகிறது. விமானத்திலிருந்து கப்பலுக்கு மாறுவது இணைப்பு ஆகாதாம்.

துறைமுகத்தைத் தொடாமல் போவதும் அப்படித்தான். 2022 ஜூனில் சென்னைக் கப்பல் புதுச்சேரிக் கடலுக்கு வந்தும், அரசு அனுமதி கிடைக்காததால் பயணிகளை அங்கே இறக்க முடியவில்லை. மேற்குக் கரையில் பருவமழை என்பதால் கப்பலைக் கிழக்குக்குக் கொண்டுவந்தால், வங்கக் கடலுக்கென்று புயல்கள் இருக்கின்றன. பயணத் திட்டத்தை மாற்றும் உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தத்தில் முழுமையாக எழுதி வைத்துக்கொள்கின்றன. பாதுகாப்புக்காக அந்த உரிமை கேப்டனிடம் இருக்கத்தான் வேண்டும். பயணியின் இழப்பை வேறு யாராவது ஏற்க வேண்டுமென்றால் அதற்குக் காப்பீடு ஒன்றுதான் வழி.

கேபினுக்குள் அடைபட்டுக் கிடப்பது மூன்றாவது. 2020 பிப்ரவரியில் கொரோனாவால் ஜப்பானின் யோகோகாமா துறைமுகத்தில் டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் தனிமைப்படுத்தப்பட்டதையும், அவர்களில் 138 இந்தியர்கள் இருந்ததையும், அந்த 138 பேரில் பெரும்பாலோர் அங்கே வேலை பார்த்த ஊழியர்கள் என்பதையும் நாம் இன்னும் மறந்திருக்க முடியாது. கொரோனா போய்விட்டாலும், கப்பலில் வயிற்றுப்போக்கு பரவினால் நோயாளியை அறைக்குள்ளேயே இருக்கச் சொல்வது இன்றும் வழக்கம். பிரிட்டனில் விற்கப்படும் கப்பல் பயணக் காப்பீடுகள் பலவற்றில், இப்படி அடைபட்டிருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை தருவதாகத் தனி இனமே உண்டு. அங்கே பெரும்பாலான நிறுவனங்கள் கப்பல் பயணத்தைப் பொதுப் பயணக் காப்பீட்டோடு சேர்க்காமல், கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு தனியாகச் சேர்க்கின்றன. கூடுதல் பணம் கேட்கிறார்களே என்று முதலில் எனக்கும் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அதுதான் நேர்மை.

காப்பீட்டு நிறுவனத்தார் ஒருவரிடம் இதைப் பேசியபோது, கப்பலில் போகும் இந்தியர்கள் குறைவு, அதற்கென்று தனித் திட்டம் வகுப்பது கட்டுப்படியாகாது, எல்லோருக்கும் பிரீமியம் ஏறிவிடும் என்றார். அவர் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். எல்லாப் பயணிகளும் கப்பல் பயணிகளின் சுமையைச் சுமக்கத் தேவையில்லை. விரும்புகிறவர்கள் கூடுதல் தொகை கட்டிச் சேர்த்துக்கொள்ளட்டும். நான் முறையிடுவது விலையைப் பற்றியன்று. பாலிசியின் மௌனத்தைப் பற்றி. விண்ணப்பப் படிவம் எந்த நாட்டுக்குப் போகிறீர்கள், எத்தனை நாள், அமெரிக்கா உண்டா இல்லையா என்றெல்லாம் கேட்கிறது. கப்பலில் ஏறுவீர்களா என்று கேட்பதேயில்லை. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர், மயாமியிலிருந்து கரீபியத் தீவுகளுக்கு நான்கு நாள் கப்பலில் போவது எங்கள் பக்கத்து வீடுகளில்கூடச் சாதாரணமாகிவிட்டது. அந்த நான்கு நாளும் தாங்கள் எந்த நிலையில் இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் தரப்பிலும் தவறு உண்டு. பிரீமியம் குறையட்டும் என்று சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் எழுதாமல் விடச் சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். அப்படி நிராகரிக்கப்படும் க்ளெய்ம்களுக்காக நான் வாதாட வரவில்லை. என் வாடிக்கையாளர் தமக்கிருந்த எல்லா நோய்களையும் எழுதியிருந்தார்.

ஆகவே ஆணையத்திடம் பணிவுடன் கேட்டுக்கொள்வது இதுதான். கப்பலின் மருத்துவப் பிரிவில் பெறும் அவசர சிகிச்சையை, படுக்கைகளின் எண்ணிக்கையையும் இருபத்து நான்கு மணி நேர விதியையும் பாராமல், உள்நாட்டு பாலிசிகளிலும் வெளிநாட்டுப் பயண பாலிசிகளிலும் ஏற்கத்தக்க சிகிச்சையாக வரையறுத்துச் சுற்றறிக்கை வெளியிட வேண்டும். அடிப்படை மருத்துவக் காப்பீட்டுக்கு 2020இல் 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்று எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே சொற்களில் ஒரு திட்டத்தை வகுத்துத் தந்தது போல, கப்பலைத் தவறவிடுதல், துறைமுகம் விடுபடுதல், கேபினில் அடைபடுதல், ஹெலிகாப்டரிலோ படகிலோ கரைக்குக் கொண்டுசெல்லுதல் ஆகியவற்றை உள்ளடக்கிய கூடுதல் காப்பு ஒன்றையும் பொதுவான சொற்களில் வகுத்துத் தர வேண்டும். அதை விற்க விரும்பாத நிறுவனம், 'இந்தப் பாலிசி கப்பலில் நேரும் செலவுகளுக்குப் பொருந்தாது' என்று பணம் வாங்குவதற்கு முன்பே பெரிய எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

மருத்துவ பாலிசிகளுக்கு 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த, பாலிசியின் முக்கிய விவரங்களை எளிமையாகச் சொல்லும் வாடிக்கையாளர் தகவல் தாளை, கேட்பவர்களுக்கு உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்று நீங்களே விதித்திருக்கிறீர்கள். நல்ல விதி. பயணக் காப்பீட்டிலும் அது தமிழில் என் கைக்கு வந்தால், வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்து அவருக்குப் புரியும்படி படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாமே என்று நீங்கள் சொல்லக்கூடும். 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு இருப்பதும், அங்கே முறையிடக் கட்டணம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பாலிசியின் எழுத்தே பயணிக்கு எதிராக நிற்கும்போது அவர் எந்த எழுத்தை வைத்துத் தீர்ப்பெழுதுவார்?

வாடிக்கையாளரின் இசைவோடு அந்தப் பாலிசியின் நகலையும், கப்பல் தந்த மருத்துவக் குறிப்பையும் ரசீதையும், நிராகரிப்புக் கடிதத்தையும் ஆணைய அலுவலகத்துக்குத் தனியே பதிவுத் தபாலில் அனுப்பியுள்ளேன். வரும் கோடைக்கான முன்பதிவுகள் சனவரியிலேயே தொடங்கிவிடும். அதற்குள் உங்கள் பதில் வந்தால், கடைக்கு வருகிறவர்களிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
பயண முகவர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.